ஊர்வலம் போதாது, வாசலுக்கு வாருங்கள்

ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். பள்ளிகளில் ஓவியப் போட்டி, பதாகை, ஊர்வலம் என்று அமர்க்களப்படும். அன்று மாலையே பள்ளி விட்டதும் ஒரே ஸ்கூட்டரில் அப்பாவும் மூன்று பிள்ளைகளும் கிளம்புவார்கள். தலைக்கவசம் கண்ணாடியில் தொங்கும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பள்ளிகள் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் அந்த வாசல்தான்.

முதல் வேலை, பிள்ளைகள் வரும் வழியைப் படமாக வரைவது. நடந்து வருபவர் யார், சைக்கிளில் யார், பஸ்ஸில் யார் என்று வகுப்புவாரியாகக் கேட்டு, பயந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லலாம். கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் பக்கத்தில் கடலூர் சாலையைக் கடப்பது பெரும்பாடு. வில்லியனூரில் விழுப்புரம் சாலை. பாகூரோ நெல் விளையும் பூமி. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், அதைச் சுற்றி வரிசையாகக் கருங்கல் இருக்கும், சைக்கிளில் வரும் பிள்ளை நடுச்சாலைக்குத் தள்ளப்படும். களம் போதாத விவசாயியைத் திட்டிப் பயனில்லை. பள்ளி நேரத்தில் கல்லை நகர்த்தி வழிவிடும்படி அவரிடமே பேசலாம்.

படத்தின் நகலோடு கொம்யூன் பஞ்சாயத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் போக்குவரத்துக் காவல் துறைக்கும் மனு கொடுக்க வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு நொடிக்குள் 14 மீட்டர் ஓடிவிடும். பள்ளிகளின் அருகே 30 கி.மீ.க்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேகத்தடை கேட்டால் வெள்ளைக் கோட்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்; இருட்டில் தெரியாத வேகத்தடை ஆளைக் கவிழ்த்துவிடும்.

மனுவுக்குப் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் முதலில் அனுப்பி, பத்து நிமிடம் கழித்து வண்டியில் போகும் பிள்ளைகளை விட்டாலே நெரிசல் பாதி குறையும்.

பாடத்தைச் சாலையிலேயே நடத்துவது நல்லது. நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் நடக்கவும், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் பாயாமல் பஸ் போன பிறகு கடக்கவும் பழக்க வேண்டும்.

பெற்றோரிடம் சட்டத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லலாம். நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் தலைக்கவசம் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, 18 வயதாகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும் கிடைக்கலாம்; பிள்ளைக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. பள்ளிக்குள் பைக் இல்லை என்று தலைமையாசிரியர் நிம்மதியடைய வேண்டாம். பக்கத்து டீக்கடை ஓரத்தையும் ஒரு நடை பார்த்துவர வேண்டும்.

வேன், பஸ் விஷயத்தில் தயவுதாட்சண்யம் கூடாது. 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகே தமிழ்நாட்டில் பள்ளி பஸ்களுக்குத் தனி விதிகள் வந்தன. தரை, கதவுத் தாழ்ப்பாள், தீயணைப்பான், உதவியாளர் இந்த நான்கையும் பெற்றோர் குழுவே மாதம் ஒருமுறை பார்க்கலாம்.

ஆறு மாதம் கழித்து அதே வாசலில் நின்று தலைக்கவசங்களை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஏறவில்லை என்றால், அடுத்த ஊர்வலத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பிள்ளைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சிறிய தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.