ரிலிஜன்: ஒரு பெயர்ச்சொல், நான்கு வினைச்சொற்கள்

டிப்ளமோ முடித்து வெளியே போகும் நாம் நிரப்பப்போகும் விண்ணப்பங்கள் பலவற்றில் 'ரிலிஜன்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரே வார்த்தையில் எழுதி முடித்துவிடுவோம். ஆனால் அதைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. காரணம், 'சாமி கும்பிடறது' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதை ஆங்கிலம் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது.

நான் கோடியக்கரைக்காரன். எங்கள் கடற்கரையையே பாடப்புத்தகமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் இடங்கள். வேதாரண்யேசுவரர் கோயில் 'டெம்பிள்'. வேளாங்கண்ணி மாதா கோயில் 'சர்ச்'. 1962-ல் போப் இருபத்துமூன்றாம் ஜான் அதற்குப் 'பசிலிக்கா' என்ற தகுதியைக் கொடுத்தார். நாகூர் தர்காவைச் சிலர் 'மோஸ்க்' என்கிறார்கள். அது சரியில்லை. மோஸ்க் என்றால் தொழுகை நடக்கும் பள்ளிவாசல். தர்கா என்பது இறைநேசர் அடங்கிய இடம். அதற்கு 'ஷ்ரைன்' பொருந்தும்.

அடுத்து, அங்கே நடப்பவை. புனிதப் பயணம் 'பில்கிரிமேஜ்'. நேர்த்திக்கடன் 'வௌ'. வேளாங்கண்ணித் திருவிழா 'ஃபீஸ்ட்'. ஃபீஸ்ட் என்றால் விருந்து மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அதேபோல் 'ஃபாஸ்ட்' என்றால் வேகம் மட்டுமல்ல, விரதமும்தான்.

இனி முக்கியமான நான்கு வினைச்சொற்கள்:

1. பிலீவ் – மனசுக்குள் நம்புவது.
2. புரொஃபெஸ் – 'இதுதான் என் சமயம்' என்று வெளிப்படையாகச் சொல்வது.
3. பிராக்டிஸ் – வழிபாடு, சடங்கு, நோன்பு எனக் கடைப்பிடிப்பது.
4. புரொப்பகேட் – பிறருக்கு எடுத்துச்சொல்லிப் பரப்புவது.

பின் மூன்றும் நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் வருகின்றன. பரப்பும் உரிமை என்பதில் மற்றவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு வினைச்சொல்லின் பொருளுக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போயிருக்கிறது, பாருங்கள்!

ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரைக் கடலில் முழுகும் குடும்பமே, பிள்ளைக்கு நேர்ந்துகொண்டு வேளாங்கண்ணியில் மொட்டை போடும். நாகூர் கந்தூரிக்கும் போகும். நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டியவரே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்தான். அப்படின்னா இவங்க எந்த மதம்? குழப்பமே வேண்டாம். வௌ நிறைவேற்றும் இடம் மூன்றாக இருக்கலாம். புரொஃபெஸ் செய்வது ஒன்றுதான். விண்ணப்பக் கட்டம் கேட்பது அந்த ஒன்றை மட்டுமே.

இது வெறும் மொழிப்பாடம் அல்ல. பட்டியல் சாதியினர் பற்றிய 1950-ஆம் ஆண்டு ஆணையிலும் 'புரொஃபெஸ்' என்ற சொல்தான் இருக்கிறது. இந்து சமயம், 1956 முதல் சீக்கியம், 1990 முதல் பௌத்தம் – இவை தவிர வேறு சமயத்தைப் புரொஃபெஸ் செய்பவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார். ஒரு மாணவனின் சாதிச் சான்றிதழும், அதை நம்பியிருக்கும் சீட்டும் ஸ்காலர்ஷிப்பும் இந்த ஒரு வினைச்சொல்லில் தொங்குகின்றன. கையெழுத்துப் போடும் முன் அதன் பொருள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பயிற்சி: உங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதிப் பாருங்கள். ஒரே நிபந்தனை: 'ரிலிஜன்' என்ற சொல் ஒரு தடவைகூட வரக்கூடாது!