துடிப்புகள் எண்ணி வைக்கப்பட்டவை அல்ல

மனித இதயத்துக்கு இத்தனை துடிப்புகள்தாம் என்று பிறக்கும்போதே வரையறுக்கப்பட்டுவிடுகிறது என்றும், ஓட்டத்திலும் வேகநடையிலும் அவற்றை விரைந்து செலவிடுவோர் ஆயுளைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்றும் நம்புவோர் இன்றும் உள்ளனர். நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்னும் சித்தர் மரபுக் கணக்கு வழங்கிவரும் சமூகத்தில் இத்தகைய எண்ணம் எளிதில் வேரூன்றக்கூடியதே. ஆயினும் கூட்டிப் பார்த்தால் கணக்கே இதற்கு எதிராக நிற்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,08,000 முறை துடிக்கிறது. பல மாதப் பயிற்சியால் ஓய்வுநாடி 65 ஆகக் குறைந்த ஒருவர், நாள்தோறும் ஒரு மணி நேரம் 130 துடிப்பு வேகத்தில் பயின்றாலும், எஞ்சிய நேரம் முழுதும் ஓய்வுநாடியே எனக் கொண்டால் அவருக்கு ஆகும் மொத்தம் 97,500தான். அதாவது பத்தாயிரத்துக்கும் மேல் மிச்சம்.

பெருந்தசைகளை விடாது இயக்கி, மூச்சையும் நாடியையும் உயர்த்தி, ஆக்ஸிஜனைக் கொண்டே ஆற்றல் பெறும் வேகநடை, மிதிவண்டி, நீச்சல் போன்றவையே கார்டியோ எனப்படுகின்றன. இவற்றால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதாலும், உடலெங்கும் இரத்தத்தை உந்தும் இடது கீழறை நன்கு விரிந்து நிரம்பப் பழகுவதாலும், ஒரு துடிப்பிலேயே கூடுதல் இரத்தம் வெளியேறுகிறது. ஆகவே குறைந்த துடிப்பே போதுமாகிறது. உழைப்பால் தேய்வது இயந்திரத்தின் இயல்பு; உழைப்புக்கேற்பத் தன்னைத் திருத்தியமைத்துக்கொள்வது உயிருள்ள தசையின் இயல்பு. இந்த வேறுபாட்டை மறப்பதிலிருந்தே பல தவறான நம்பிக்கைகள் கிளைக்கின்றன.

உடல்நலம் உள்ளவர்களே உடற்பயிற்சி செய்கிறார்கள், எனவே பயிற்சியால் நலம் வருகிறது என்பது தலைகீழ் முடிவு என்னும் வாதத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1953இல் ஜெர்மி மோரிஸ் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, நாள் முழுதும் அமர்ந்தே இருந்த பேருந்து ஓட்டுநர்களைவிட, சீட்டு கொடுப்பதற்காக மாடிப் பேருந்தின் படிகளை ஒரு பணிநாளில் ஏறத்தாழ அறுநூறு முறை மிதித்து ஏறிய நடத்துநர்களிடம் மாரடைப்பு குறைவு என்று காட்டியது. இருவரும் ஒரே பேருந்தில் ஒரே நேரத்தில் பணியாற்றியவர்கள் என்பதே இந்த ஒப்பீட்டின் வலிமை. ஆனால் மோரிஸ் தம் முடிவைத் தாமே ஐயுற்றார். சீருடை அளவுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருப்பதைக் கண்டு, அதை 1956இல் அவரே வெளியிட்டார். பின்னர், மேசைப் பணியே செய்த ஏறத்தாழ 18,000 அரசு அலுவலர்களை அவர் ஆராய்ந்தார். பணி ஒன்றாகவே இருந்தும், ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்க உழைத்தவர்களிடம் இதயநோய் குறைந்தே காணப்பட்டது. தன் குறையைத் தானே தேடிச் சென்ற இந்த நேர்மையே அவ்வாய்வுகளை இன்றளவும் மதிக்கத்தக்கவை ஆக்குகிறது.

ஓய்வே இதயத்துக்கு மருந்து என்னும் நம்பிக்கை மருத்துவர்களிடமும் நெடுங்காலம் நிலவியது. மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதே வழக்கமாயிருந்த காலத்தில், சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் நோயாளியை நாற்காலியில் அமர வைக்கலாம் என்று 1952இல் எழுதியதே துணிச்சலாக இருந்தது. படுக்கை செய்யும் கேட்டை அளந்து காட்டியது 1966இல் டாலஸ் நகரில் நடந்த ஆய்வு. இருபது வயதான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருந்தபோது, உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் அளவு கால்பங்குக்கும் மேல் வீழ்ந்தது. அதே ஐவரை முப்பது ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரங்கள் பறித்ததே அதிகம் என்று தெரிந்தது. ஆறு மாதப் பயிற்சியில் ஐம்பது வயதில் அவர்கள் இருபது வயதின் தொடக்க அளவையே மீண்டும் எட்டினர். ஐவர் மட்டுமே என்பது இந்த ஆய்வின் எல்லை. நடக்கையில் நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ தோன்றுபவர்கள் மருத்துவரைக் கண்ட பின்னரே பயிற்சி தொடங்க வேண்டும் என்பதும் இங்கே மறக்கக்கூடாதது.

மூளைக்குக் குறுக்கெழுத்துப் புதிரும் மனக்கணக்குமே பயிற்சி, கால்களுக்கும் நினைவுக்கும் தொடர்பில்லை என்பது மற்றொரு நம்பிக்கை. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, ஓய்வில் உடல் கொள்ளும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆதலால் இரத்தக் குழாய்களுக்கு நேரும் எந்தக் கேடும் மூளையைத் தொடாமல் விடுவதில்லை. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் முதியோர் 120 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் வரை நடந்தவர்களிடம், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் கடற்குதிரை வடிவப் பகுதி ஓராண்டில் ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்தது; கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் அது சுருங்கியது. எனினும் நினைவாற்றல் தேர்வில் இரு குழுவினருமே முன்னேறினர். எனவே நடந்தால் மறதிநோய் வராது என்று உறுதி கூறுவது சான்று அனுமதிக்கும் எல்லையைத் தாண்டுவதாகும்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி என்னும் இலக்கு மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று; 1965 அளவில் ஜப்பானிய நிறுவனமொன்று விற்ற அடிமானியின் பெயரில் பிறந்தது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை, பேச முடிந்தும் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் உழைப்பு. ஒரு முறைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு விதித்திருந்ததையும் 2020இல் அது நீக்கிவிட்டது. லண்டன் நடத்துநர்களும் ஒரு தடவைக்குச் சில படிகளே ஏறினார்கள்.