மூலகமும் சேர்வையும்: கறியுப்பைக் கொண்டு விளங்கிக் கொள்வோம்

மாணவர்களே, பின்வரும் கூற்று சரியா, பிழையா?

"ஒட்சிசன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இணைந்துள்ளன. ஆகவே ஒட்சிசன் ஒரு சேர்வையாகும்."

"சரி" என்று விடையளிக்கும் மாணவர் பலர். ஆனால் இக்கூற்று பிழையானது. வரைவிலக்கணத்தை மனனம் செய்தும், அதன் கருத்தை விளங்கிக் கொள்ளாததே இதற்குக் காரணம்.

வரைவிலக்கணங்கள்

மூலகம்: ஒரே வகை அணுக்களால் ஆன, இரசாயன முறைகளால் மேலும் எளிய பதார்த்தங்களாகப் பிரிக்க முடியாத தூய பதார்த்தம்.

சேர்வை: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மூலகங்கள் நிலையான விகிதத்தில் இரசாயன முறையில் சேர்வதால் உண்டாகும் தூய பதார்த்தம்.

எனவே அணுக்கள் எத்தனை என்று எண்ண வேண்டாம். எத்தனை வகை என்று பாருங்கள். ஒட்சிசன் மூலக்கூறில் இருப்பது ஒரே வகை அணு. ஆகவே அது மூலகம்.

உதாரணம்: சோடியம் குளோரைட்டு

சோடியம் நீருடன் உக்கிரமாகத் தாக்கம் புரியும் உலோகம். ஆதலால் அதைப் பரபின் எண்ணெயினுள் வைப்பர். குளோரீன் மஞ்சட் பச்சை நிறமான நச்சு வாயு. இவ்விரண்டும் சேர்ந்து உண்டாகும் சோடியம் குளோரைட்டையே நாம் கறியில் இடுகிறோம்! சேர்வையின் இயல்புகள் அதன் மூலகங்களின் இயல்புகளிலிருந்து வேறுபட்டவை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

23 கிராம் சோடியம் 35.5 கிராம் குளோரீனுடன் சேர்ந்து 58.5 கிராம் சோடியம் குளோரைட்டைத் தரும். எங்கு பெற்றாலும் தூய சோடியம் குளோரைட்டில் இத்திணிவு விகிதம் மாறாது.

பிரித்தல்

ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை உப்பளங்களில் கடல்நீர் ஆவியாகி உப்பு படிகிறது. இது கலவையொன்றைப் பௌதிக முறையில் பிரித்தலாகும். சோடியத்தையும் குளோரீனையும் வேறாக்க வெயில் போதாது. உருகிய சோடியம் குளோரைட்டை மின்பகுப்புச் செய்ய வேண்டும். கதோட்டில் சோடியமும் அனோட்டில் குளோரீனும் கிடைக்கும்.

குளோரீனை மேலும் பிரிக்கலாமா? அது ஒட்சிசன் அடங்கிய சேர்வை என்றே முன்னர் விஞ்ஞானிகள் பலர் கருதினர். ஹம்ப்ரி டேவி பலவாறு முயன்றும் அதிலிருந்து ஒட்சிசனைப் பெற முடியவில்லை. ஆகவே 1810 ஆம் ஆண்டில் அது ஒரு மூலகம் என அறிவித்தார். வரைவிலக்கணத்திலுள்ள "பிரிக்க முடியாத" என்ற சொல்லின் பெறுமதி இப்போது விளங்குகிறதல்லவா?

கவனிக்க: கடையில் வாங்கும் அயடீன் சேர்த்த உப்பு தூய சேர்வையன்று. சோடியம் குளோரைட்டுடன் பொட்டாசியம் அயடேற்று சிறிதளவு சேர்க்கப்பட்ட கலவையாகும்.

பயிற்சி

மூலகம், சேர்வை, கலவை என வகைப்படுத்துக: ஓசோன், காபனீரொட்சைட்டு, பித்தளை, செம்பு.

விடை: ஓசோன், செம்பு மூலகங்கள். காபனீரொட்சைட்டு சேர்வை. பித்தளை செம்பும் நாகமும் கொண்ட கலவை. ஓசோனில் மூன்று அணுக்கள் உண்டே என்று தயங்கியவர்கள் வரைவிலக்கணத்தை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள்.