எக்கோ அறிக்கையில் 60 என்று இருந்தால்

எக்கோ பரிசோதனையின் அறிக்கை கைக்கு வந்தவுடன் பலருடைய கண் முதலில் செல்வது அதிலுள்ள விழுக்காட்டின் மீதுதான். அண்மையில் இராஜபாளையத்திலிருந்து தம் தந்தையை அழைத்து வந்திருந்த பெண்மணி ஒருவர், அவ்விடத்தில் 60 என்று கண்டு வராந்தாவிலேயே கண்கலங்கி நின்றார். “அப்பாவுக்கு இதயம் அறுபது பங்குதான் வேலை செய்கிறதா?” என்று எங்களிடம் கேட்டார். நூற்பாலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்ற அப்பெரியவரோ, பெஞ்சில் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். உண்மையில் அந்த 60 நல்ல எண். அது ஏன் நல்லது என்பதை அறிய, அது எவ்வாறு அளக்கப்பட்டது என்பதை முதலில் காண்போம்.

இராஜபாளையத்திற்கு மேற்கே, அய்யனார் கோவில் பக்கத்து மலையடிவாரத்தில் பாறைச் சரிவை நோக்கி ஒருவர் குரல் கொடுப்பதாகக் கொள்வோம். இரண்டு நொடி கழித்து அக்குரல் திரும்பி வருகிறது. நம் பகுதியின் வெப்பத்தில், காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். எனவே இரண்டு நொடியில் அது கடந்தது 700 மீட்டர். ஆனால் பாறை 350 மீட்டர் தொலைவில்தான் உள்ளது; ஒலி போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் அல்லவா? பாதியாக்க மறப்பதே இக்கணக்கில் வழக்கமாக நேரும் பிழை. மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை எண்ணும்போது மட்டும் பாதியாக்க வேண்டுவதில்லை. அங்கே ஒலிக்கு ஒருவழிப் பயணந்தான். மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். (மலையடிவாரத்தில் கூவிச் சோதிக்க வேண்டா, மனக்கணக்கே போதும். அது சாம்பல் நிற அணில்களும் பிற உயிர்களும் வாழும் காடு.)

தொலைவு குறையக் குறைய இக்கணக்கு நம் செவிக்கு எட்டாததாகிவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் இராஜகோபுரத்தின் உயரம் சுமார் 192 அடி, அதாவது ஏறத்தாழ 58 மீட்டர். அவ்வளவு தொலைவிலுள்ள ஒரு சுவரில் பட்டுத் திரும்ப ஒலிக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கே தேவை. சுவர் 17 மீட்டருக்கும் நெருங்கிவிட்டால், போன ஒலியையும் வந்த ஒலியையும் செவியால் பிரித்தறிய இயலாது. மார்புக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் அசையும் வால்வை அளப்பதற்குக் கருவிதான் வேண்டும்.

எக்கோ கருவி எழுப்புவது செவிக்குக் கேளாத ஒலி. நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். பெரியவர்களின் இதயத்தைப் பார்க்கும் கருவியின் ஒலி பல இலட்சம் அதிர்வுகளைக் கொண்டது. எக்ஸ்ரே கதிர் எதுவும் இதில் இல்லை. உடலின் மென்மையான திசுக்களில் ஒலி நொடிக்குச் சராசரி 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப, ஒரு நொடியைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அவற்றுள் 13 பங்கு ஆகும். பத்து சென்டிமீட்டர் என்றால் 130 பங்கு. இந்நேரத்தைக் கருவி அளந்து, பாதியாக்கி, ஒவ்வொரு புள்ளியையும் திரையில் அதனதன் ஆழத்தில் வைக்கிறது. 1953ஆம் ஆண்டில் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாளரும் இதயத்தின் எதிரொலியை முதன்முதலாகப் பதிவு செய்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது, உலோகத்தில் விரிசல் தேடும் கருவி!

இனி அந்த 60க்கு வருவோம். இதயத்தின் இடது கீழறை விரிந்து நிறைந்திருக்கும்போதும், சுருங்கியபின்னும் அதன் சுவர்களுக்கு இடையேயுள்ள தொலைவுகள் எதிரொலியால் அளக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து அறையின் கொள்ளளவு கணக்கிடப்படுகிறது. நிறைந்தபோது 100 மில்லி இரத்தம் இருந்து, சுருங்கியபின் 40 மில்லி எஞ்சினால், வெளியேறியது 60 விழுக்காடு. அறிக்கையில் ‘இ.எஃப்.’ எனக் குறிக்கப்படுவது இதுவே. நலமான இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னை முற்றிலும் காலி செய்துகொள்வதில்லை. பொதுவாக 55 முதல் 70 வரை இருப்பது இயல்பு. இது நூற்றுக்கு வாங்கும் தேர்வு மதிப்பெண் அன்று. சென்ற முறை 62, இம்முறை 59 என்றாலும் அஞ்ச வேண்டா. அளப்பவர் மாறினாலும் அளக்கும் கோணம் மாறினாலும் சில புள்ளிகள் வேறுபடும். அதே வேளையில், இ.எஃப். இயல்பாக இருப்பதால் மட்டுமே இதயத்தில் வேறு குறை இல்லை என்றும் ஆகிவிடாது. வால்வுகளின் நிலை, சுவர்களின் தடிப்பு ஆகியவையும் அதே அறிக்கையில் உள்ளன. மூச்சிரைப்போ கால்வீக்கமோ இருந்தால், எண் எதுவாயினும் மருத்துவரிடம் கூறுங்கள்.

அளவு சரியாக அமைவதில் நோயாளருக்கும் பங்கு உண்டு. காற்றும் தோலும் சந்திக்கும் இடத்தில் ஒலி பெரும்பாலும் உள்ளே நுழையாமலே திரும்பிவிடும். அந்தக் காற்றை விலக்கவே குளிர்ந்த ஜெல் தடவப்படுகிறது. நுரையீரலில் உள்ள காற்றும் அவ்வாறே மறைக்கும். ஆகவேதான் இடப்பக்கம் சாய்ந்து படுக்கவும், மூச்சை வெளியே விட்டுச் சற்று நிறுத்தவும் சொல்கிறோம். மார்பின் மேல் செய்யும் எக்கோவுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுவதில்லை. உணவுக்குழாய் வழியாகச் செய்வதாயின், எத்தனை மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்பதை முன்னரே கேட்டறிந்து வாருங்கள்.

அன்று அப்பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “போன வருடம் எடுத்த காகிதம் வீட்டில் இருக்கிறது, கொண்டுவர வேண்டுமா?” என்றார். கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்றோம். பழைய அறிக்கைகளை அருகில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் புலப்படும். அவற்றை ஒரே உறையில் போட்டு, ஒவ்வொரு வருகையிலும் எடுத்து வாருங்கள்.