சுருக்கலாம், ஆனா புரியணும்!

தருமபுரி மாணவர்கள் குடிநீர் பற்றி புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதினால், 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட 'ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம்' கட்டாயம் வரும். பெயரே 7 சொல். 20 இடத்தில் வந்தால் 140 சொல் அதுக்கே போயிடும். 2,000 சொல்தான் வரம்புன்னா இது சின்ன இழப்பு இல்லை.

முதல் இடத்தில் முழுப்பெயரை எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'இனி, ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம்' என்று சொல்லிடுங்க. 70 சொல்லுக்கு மேல் மிச்சம். நிலத்தடி நீரில் இருக்கும் புளோரைடு பல்லையும் எலும்பையும் எப்படிப் பாதிக்குதுன்னு விளக்க அது உதவும். 'ஒ.கு.பு.தி.' என்று எழுத்துகளை அடுக்கினால் இன்னும் மிச்சம்தான். ஆனா படிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்தைப் புரட்டணும். இரண்டு மூணு இடத்தில்தான் வரும்னா சுருக்கவே வேண்டாம். 'மி.கி.', 'கி.மீ.' போன்றவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

'ஆர்.டி.ஓ.' விஷயத்தில் மட்டும் உஷார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறுபடும். தமிழில் எழுதினால் வருவாய் கோட்டாட்சியரும் ஆர்.டி.ஓ., வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் ஆர்.டி.ஓ.! 'ஆர்.டி.ஓ. தந்த தகவல்' என்றால் யார் தந்தது? 'கோட்டாட்சியர்' என்று ஒரே சொல்லில் எழுதலாமே. ரிப்போர்ட்டில் மதிப்பெண்தான் குறையும். மனுவில் இப்படி எழுதினால் அது வேற ஆபீஸுக்கே போயிடலாம்.