சீந்தில் குடிக்கும் முன்

"கசக்கிறதா? அப்படியானால் நல்ல மருந்துதான்." இப்படிப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வேப்பங்கொழுந்து கசக்கும். நிலவேம்பு கசக்கும். சீந்தில் தண்டும் கசக்கும். இவை மருந்துதான். ஆனால் கசப்பது எல்லாம் மருந்து ஆகிவிடுமா?

சுரைக்காயைப் பாருங்கள். அது கசக்காத காய். எப்போதாவது ஒரு காய் கசக்கும். அந்தக் கசப்பு நஞ்சு. 2010ஆம் ஆண்டு டெல்லியில் ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தார். உடல் நலத்துக்காகத்தான் குடித்தார். ஆனால் அவர் இறந்துபோனார். எனவே சுரைக்காயைச் சாறு பிழியும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள். காயை எறிந்துவிடுங்கள்.

நல்ல மருந்துச் செடிக்கும் அளவு உண்டு. ஆள் பார்த்துத்தான் அதைக் கொடுக்க வேண்டும். சீந்திலை வைத்து இதைத் தெரிந்துகொள்வோம்.

சீந்தில் எது?

சீந்தில் ஒரு கொடி. வேலியிலும் மரத்திலும் ஏறிப் படரும். இலை வெற்றிலை போல, நெஞ்சு வடிவில் இருக்கும். தண்டின் மேல் காகிதம் போன்ற மெல்லிய தோல் உரியும். கொடியிலிருந்து நூல் போன்ற வேர்கள் தொங்கும். பழம் சிவப்பாக இருக்கும். மருந்துக்குப் பெரும்பாலும் தண்டைத்தான் எடுப்பார்கள்.

நாடு முழுவதும் இதை அறிவார்கள். இந்தியில் கிலோய் என்பார்கள். மராத்தியில் குள்வேல். மலையாளத்தில் சிற்றமிர்து. கன்னடத்தில் அமிர்தபள்ளி. தமிழில் அமிர்தவல்லி என்ற பெயரும் உண்டு.

சீந்திலைப் போலவே இன்னொரு கொடி இருக்கிறது. அதன் இலையும் நெஞ்சு வடிவம்தான். அதுவும் கசக்கும். ஆனால் அதன் தண்டில் பரு போன்ற சிறு முண்டுகள் நிறைய இருக்கும். அது கல்லீரலைக் கெடுக்கக் கூடியது. முண்டு நிறைந்த தண்டை எடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால், தெரிந்த வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்கு முன் வாயில் வைக்காதீர்கள்.

என்ன நடந்தது?

2020ஆம் ஆண்டு கொரோனா வந்தது. நோய் வராமல் இருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு கஷாயம் காய்ச்சினார்கள். பலர் தினமும் சீந்தில் குடித்தார்கள். சிலர் மாதக் கணக்கில் குடித்தார்கள்.

2021ஆம் ஆண்டு மும்பை மருத்துவர்கள் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஆறு பேருக்கும் கல்லீரல் கெட்டிருந்தது. ஆறு பேரும் சீந்தில் சாப்பிட்டவர்கள். அடுத்த ஆண்டு, 13 மருத்துவமனைகளிலிருந்து 43 பேரைப் பற்றிய செய்தி வந்தது.

அரசின் ஆயுஷ் அமைச்சகம் வேறு விதமாகச் சொன்னது. "உண்மையான சீந்தில் பாதுகாப்பானது. அதைப் போன்ற வேறு கொடியால் கேடு வரலாம். தகுதி பெற்ற மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்" என்பது அமைச்சகத்தின் கருத்து.

இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான். கேட்காமல், அளக்காமல், நாள் கணக்கு இல்லாமல் குடிக்கக் கூடாது.

பாட்டியும் செவிலியரும்

பாட்டி: தினமும் காலையில் சீந்தில் கஷாயம் குடிக்கிறேன், தாயி.

செவிலியர்: எத்தனை நாளாகக் குடிக்கிறீர்கள், பாட்டி?

பாட்டி: தீபாவளிக்குத் தொடங்கினேன். எட்டு மாதம் ஆகிறது.

செவிலியர்: எவ்வளவு குடிக்கிறீர்கள்?

பாட்டி: ஒரு செம்பு. அளந்தா பார்க்கிறோம்?

செவிலியர்: சர்க்கரை நோய்க்கு மாத்திரையும் சாப்பிடுகிறீர்களே?

பாட்டி: ஆமாம். இரண்டும் சேர்ந்தால் நோய் சீக்கிரம் போகும் அல்லவா?

செவிலியர்: மாத்திரை ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும். சீந்திலும் குறைக்கலாம். இரண்டும் சேர்ந்தால் அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். உங்களுக்குத் தலை சுற்றுகிறதா?

பாட்டி: சுற்றுகிறது. கை நடுங்குகிறது. குப்பென்று வேர்க்கிறது. வயசு ஆகிவிட்டது என்று சும்மா இருந்துவிட்டேன்.

செவிலியர்: இது சர்க்கரை இறங்குவதால் இருக்கலாம், பாட்டி. மறுபடி அப்படி வந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடியுங்கள். டாக்டரிடம் கஷாயத்தைப் பற்றிச் சொன்னீர்களா?

பாட்டி: திட்டுவார் என்று சொல்லவில்லை.

செவிலியர்: திட்டினாலும் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரிந்தால்தான் மாத்திரையின் அளவைச் சரியாகச் சொல்ல முடியும். இப்போது கஷாயத்தை நிறுத்துங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வாருங்கள், ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம்.

யார் தாமாகச் சாப்பிடக் கூடாது?

• கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள்
• கல்லீரல் நோய் உள்ளவர்கள், முன்பு மஞ்சள் காமாலை வந்தவர்கள்
• முடக்குவாதம் உள்ளவர்கள்
• சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள்
• மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள்
• அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள்

குழந்தைகளுக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

அளவும் நாளும்

ஆயுர்வேத மருந்து நூலில் சீந்தில் பொடிக்கு அளவு போட்டிருக்கிறார்கள். ஒரு நாளுக்கு 3 முதல் 6 கிராம் வரை. பெரியவர்களுக்கு உள்ள அளவு இது. உங்களுக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன அளவு உங்களுக்குப் பொருந்தாது.

வைத்தியர் சொன்னதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தொடங்கிய நாளையும் நிறுத்த வேண்டிய நாளையும் நாட்காட்டியில் குறியுங்கள். ஒரே நேரத்தில் பல மூலிகைகளைத் தொடங்காதீர்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

சீட்டைப் படியுங்கள்

நீங்கள் இப்போது படிக்கத் தெரிந்தவர். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியது இல்லை. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது? யார் தயாரித்தது? உரிம எண் இருக்கிறதா? தயாரித்த நாள் எது? காலாவதி நாள் எது?

சீட்டில் இந்தியோ ஆங்கிலமோ மட்டும் இருக்கலாம். அப்போதும் தேதிகளையும் எண்களையும் நீங்களே படிக்கலாம். மற்றதைப் படித்துச் சொல்லும்படி பிள்ளைகளைக் கேளுங்கள். சீட்டே இல்லாத பொடியை வாங்காதீர்கள்.

உடனே நிறுத்துங்கள்

கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால், பசி அடங்கிப்போனால், வாந்தி வந்தால், உடம்பெல்லாம் அரித்தால், வலப்பக்க மேல்வயிறு வலித்தால், காரணமில்லாமல் அசதி வந்தால் சீந்திலை நிறுத்துங்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து டப்பாவையோ தண்டையோ கையில் எடுத்துச் செல்லுங்கள். ரத்தச் சோதனையில் கல்லீரலின் நிலை தெரியும்.

மருந்தால் கேடு வந்தால் அரசுக்குத் தெரிவிக்கலாம். கட்டணம் இல்லாத தொலைபேசி எண் 1800-180-3024. நீங்கள் தெரிவித்தால் மற்றவர்களுக்கும் எச்சரிக்கை கிடைக்கும்.

பயிற்சி

1. கீழே ஒரு டப்பாவின் சீட்டு இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

சீந்தில் பொடி
எடை: 100 கிராம்
தயாரித்த நாள்: மார்ச் 2021
காலாவதி நாள்: பிப்ரவரி 2023

இந்தப் பொடியை இன்று வாங்கலாமா? சீட்டில் இருக்க வேண்டிய எவை விடுபட்டிருக்கின்றன?

2. சரியா, தவறா?
அ) கசப்பது எல்லாம் உடம்புக்கு நல்லது.
ஆ) கஷாயம் குடிப்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
இ) முண்டு நிறைந்த தண்டும் சீந்தில்தான்.

3. உங்கள் வீட்டில் யாராவது கஷாயமோ பொடியோ சாப்பிடுகிறார்களா? அவருடைய பெயர், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், உடன் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள்.