விழிஞ்ஞத்து உப்பும் வண்டிச் சக்கரமும்

கேரளத்து விழிஞ்ஞம் என்றதும் இப்போது எல்லாருக்கும் நினைவுக்கு வருவது 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த சரக்குப் பெட்டகத் துறைமுகம்தான். அதற்குப் பக்கத்திலேயே பழைய மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கே ஏலம் முடிந்து, கேரியரில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும் மோட்டார் பைக்குகளைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். முன்சக்கரம் ஏதோ சுமாராக இருக்கும். பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகள் செம்பழுப்பேறி, நிப்பிள்கள் பூத்து, ரிம்மில் குரோமியம் செதில் செதிலாக உரிந்திருக்கும். இரண்டும் ஒன்றாக வாங்கிய சக்கரங்கள். ஒரே ரோட்டில் ஓடியவை. ஐஸ் உருகி, மீனின் உப்பையும் கோழையையும் சேர்த்துக்கொண்டு பெட்டியின் ஓரத்தில் வடிகிற தண்ணீர், பின்சக்கரத்துக்கு மட்டும் கிடைக்கிறது.

சக்கரத்தைப் பற்றி நம்மிடையே புழங்கும் நம்பிக்கைகளில் பாதி, அழுக்குதான் எதிரி என்று எண்ணியதால் வந்தவை. கடற்கரையில் அழுக்கு இரண்டாம் பட்சம். பளிச்சென்று துடைத்து நிறுத்திய சக்கரத்திலும் உப்பு உட்கார்ந்திருக்கும். அது வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

“மழை பெய்தால் உப்பெல்லாம் போய்விடும்”

மழைக்காலம் முழுக்க வண்டியைக் கழுவாமல் விடுவதற்கு இதைவிட வசதியான காரணம் கிடையாது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு இழுவலைக்குத் தடை. நாட்டுப் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. மற்ற கரைகளில் அலை ஏறி வள்ளம் இறக்க முடியாத நாட்களில், அலைத்தடுப்புச் சுவருக்குள் பாதுகாப்பாக ஒதுங்கும் விழிஞ்ஞத்துக்குத்தான் சுற்றுவட்டாரப் படகுகள் எல்லாம் வரும். ஆக, மழை அதிகம் பெய்யும் மாதங்களில்தான் மீன் பெட்டி சுமக்கும் வண்டிகளும் அங்கே அதிகம்.

மழை கழுவுவது எதை? டேங்க், சீட், ரிம்மின் வெளிப்பக்கம். மட்கார்டின் உட்புறத்தை மழை தொடுவதில்லை. பிரேக் டிரம்முக்கும் ஸ்போக்ஸ் அடிப்பகுதிக்கும் நடுவில் உள்ள இடுக்கு, செயின் கவரின் உள்பக்கம், ரிம்மில் நிப்பிள் இறங்கும் குழி ஆகிய இடங்களுக்கு மழை போய்ச் சேருவதில்லை. சேர்ந்தாலும், டயர் வாரியிறைத்த சேறாகத்தான் சேரும். அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலோரத்தில் மழை படும் இரும்பைவிட, உப்புக் காற்று மட்டும் பட்டு மழை படாமல் மறைவில் இருக்கும் இரும்பு சீக்கிரம் அரித்துப்போவதுண்டு. மழை ஓரளவு கழுவுகிறது என்பது உண்மை. எட்டுகிற இடத்தில் மட்டும்.

மழை நின்றதும் காய்ந்துவிடும் என்பதும் தப்புக்கணக்கு. மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். விழிஞ்ஞத்துக் காற்று அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். எனவே கண்ணுக்குக் காய்ந்து தெரிகிற ரிம்மின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இரவு பகலாக வேலை செய்துகொண்டே இருக்கிறது. இந்த நிலையில் வண்டியைப் பிளாஸ்டிக் உறைபோட்டு இறுக்கி மூடுவது, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். மூட வேண்டுமென்றால் கழுவி, உலர்த்தி, அடியில் காற்றோட்டம் விட்டு மூடுங்கள்.

“நான் கடலுக்குப் பக்கத்தில் போவதே இல்லை”

1991-இல் சென்னை ஐ.ஐ.டி. விழிஞ்ஞத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு கடலலை மின்நிலையம் அமைத்தது. 150 கிலோவாட் திறன் கொண்ட சோதனை நிலையம். அலை ஏறி இறங்கும்போது அறைக்குள் அடைபட்ட காற்று ஒரு சுழலியைச் சுழற்றியது. அந்தச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அங்கே அலைக்கு வலு உண்டு. அதே அலை பாறையிலும் சுவரிலும் மோதிச் சிதறும்போது நுண்துளிகள் காற்றில் ஏறுகின்றன. லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு கொண்ட துளிகள். பெரிய துளிகள் முதல் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். சிறியவை காற்று போகும் தூரம் போகும். கடலில் சக்கரத்தை நனைத்தால்தான் ஆபத்து என்பதில்லை. துறைமுகச் சாலையில் வீடு இருந்தாலே போதும். முக்கோலைப் பக்கம் மேட்டில் குடியிருப்பவருக்கு ஆபத்து குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வெறும் காற்றில் வைத்தே அரிப்பை அளந்து வந்திருக்கிறது. தண்ணீரில் முக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இங்கே ஒரு உபநம்பிக்கையும் உண்டு: எந்தத் தண்ணீரில் கழுவினாலும் ஒன்றுதான் என்பது. கரையோரக் கிணறுகள் சிலவற்றில் உவர்ப்பு ஏறியிருக்கும். சோப்பு நுரைக்காத தண்ணீரால் சக்கரத்தைக் கழுவினால், உப்பை எடுத்துவிட்டு உப்பையே திரும்ப வைக்கிறீர்கள். குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் கடைசி இரண்டு வாளியாவது அதில் ஊற்றுங்கள்.

“பிரஷர் அடித்தால்தான் சுத்தம்”

வாட்டர் சர்வீஸ் கடையில் தண்ணீர் பீய்ச்சும் சத்தத்திலேயே மனசு குளிர்ந்துவிடுகிறது. சின்னப் பிரஷர் வாஷர்களே 100 பார் அளவில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்கில் பீய்ச்சுபவை. சக்கரத்தின் நடுவில் உள்ள பேரிங்கை மறைத்திருப்பது ஒரு மெல்லிய ரப்பர் உதடு. அது தூசியையும் தெறிக்கும் மழையையும் தடுக்கச் செய்தது. கிட்டத்தில் பிடித்த குழாயைத் தடுக்க அல்ல. நேராக ஹப்பில் பீய்ச்சும்போது, வெளியே இருந்த உப்பைத் தண்ணீரோடு சேர்த்து பேரிங்குக்குள் நாமே ஏற்றி அனுப்புகிறோம். கிரீஸ் வெளுத்து மோர்போல் ஆகிவிடும். சக்கரம் அன்றைக்கு ஜோராகச் சுற்றும். சில மாதம் கழித்து கரகரவென்று சத்தம் வரும்போது யாரும் அந்தக் குழாயைச் சந்தேகிப்பதில்லை, ரோட்டைத்தான் திட்டுகிறோம்.

பேரிங் தேறுமா என்று பார்ப்பது சுலபம். நடு ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தை எதிரெதிர்ப் பக்கங்களில் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். கைக்கு ‘டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் போய்விட்டது. சுற்றவிட்டுக் காதையும் வையுங்கள். மாற்றும்போது கடையில் ஒன்றைக் கவனிக்கலாம்: எண்ணுக்குப் பின்னால் ‘இசட்இசட்’ என்று இருந்தால் இருபுறமும் தகர மூடி, ‘2ஆர்எஸ்’ என்றால் இருபுறமும் ரப்பர் சீல். தகர மூடி தண்ணீரைத் தடுக்காது. மீன் பெட்டி சுமக்கும் வண்டிக்கு ரப்பர் சீல் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் பெரிதில்லை.

அப்படியானால் எப்படிக் கழுவுவது? வாளியும் கப்பும், அல்லது மெதுவாக ஓடும் ஹோஸ். சூடு ஆறிய சக்கரம். முதலில் வெறும் தண்ணீர் நிறைய. உப்பு தண்ணீரிலேயே கரையும், அதற்கு சோப்பு தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கு, மீன் கோழை இருக்கும் இடத்துக்கு மட்டும் ஷாம்பூ. இடுக்குக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். பிறகு துணியால் ஒற்றி, ஒரு சின்னச் சுற்று ஓட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் டிரம்மின் ஈரம் போகும். தினம் துறைமுகம் போகிறவர் தினம் வீடு திரும்பியதும் இதைச் செய்ய வேண்டும். தினமுமா என்று யாராவது கேட்டால், ஒரு ஜோடி ரிம்மின் விலையை விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

“அலாய் வீலுக்குத் துருவே கிடையாது”

சிவப்பாகத் துருப்பிடிக்காது என்ற அளவில் சரி. அலாய் வீல் அலுமினியக் கலவை. அதன் மேல் தானாக உருவாகும் ஆக்சைடு படலம்தான் அதற்குக் கவசம். மேலே பெயின்ட்டும் இருக்கும். கல் தெறித்துப் பெயின்ட் போன இடத்தில் உப்பின் குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல் கொப்புளம் நீளும்.

இதில் தொல்லை தருவது அழகு கெடுவதல்ல. டியூப்லெஸ் டயரின் விளிம்பு ரிம்மோடு ஒட்டி உட்காரும் இடத்தில் அந்த வெள்ளைப் பொடி சேர்ந்தால் காற்று கசியும். பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் தேடினாலும் ஆணி கிடைக்காது; டயர் ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழ் வரும். டயரைக் கழற்றி அந்த விளிம்பை நைசாகத் தேய்த்து எடுத்துத் திரும்ப மாட்டினால் சரியாகும். டயருக்குள் பஞ்சர் திரவம் ஊற்றிக் காலத்தை ஓட்டுவது கசிவைக் கொஞ்ச நாள் மறைக்கும். அரிப்பை நிறுத்தாது.

“ஆசிட் வைத்துத் தேய்த்தால் புதுசு”

செய்யாதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவை மட்டும் தின்பதில்லை, அடியில் உள்ள இரும்பையும் அலுமினியத்தையும் சேர்த்தே தின்னும். போதாததற்கு, எந்தக் குளோரைடை விரட்டக் கழுவுகிறோமோ அதே குளோரைடை இடுக்கெல்லாம் ஊற்றி வைத்துவிட்டுப் போகும். அன்று சாயந்திரம் பளபளக்கும், அடுத்த வாரம் முன்பைவிட வேகமாகத் துருவேறும்.

குரோமியம் பூசிய ரிம்மில் துருப்புள்ளி வந்தால் இரும்பு நார் வேண்டாம். உணவு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. கீறல் விழாமல் மேல்துரு வந்துவிடும். ஆனால் புள்ளி வந்தது என்றாலே பூச்சில் துளை இருக்கிறது என்று அர்த்தம். துடைத்த இடத்தில் மெழுகு பூசாவிட்டால் அது திரும்ப வரும்.

“தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்”

கேரளத்தில் தேங்காய் எண்ணெயால் தீராத பிரச்சினை உண்டா என்ன! எண்ணெய்ப் படலம் ஈரத்தைத் தடுக்கும் என்ற யோசனை சரியானதுதான். மரவள்ளங்களுக்கு மத்தி மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் பூசும் பழக்கம் இந்தக் கரையில் பழையது. ஆனால் எண்ணெய்க்கு எண்ணெய் குணம் மாறும். மத்தி எண்ணெய் காற்றுப் பட்டால் கெட்டியாகிப் படலமாக நிற்கும் வகை. தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் வைத்தாலும் உலராத வகை. பிசுபிசுத்துக்கொண்டே மணலையும் தூசியையும் பிடித்து, முதல் மழையில் வழிந்து போகும். அதற்காக ரிம்முக்கு மத்தி எண்ணெய் பூசச் சொல்லவில்லை. தெருப் பூனைகள் வண்டியை விட்டு நகராது.

டீசல் அடிப்பது இதைவிட மோசம். டீசல் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். டிஸ்க்கிலும் பிரேக் ஷூவிலும் பட்டால் பிரேக் வழுக்கும். வண்டிக் கடைகளில் கிடைக்கும் மெழுகை உலர்ந்த ரிம்மிலும் ஸ்போக்ஸிலும் மெல்லிசாகத் தேய்த்தாலே போதுமானது. டபிள்யூடி-40 தெளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1953-இல் அமெரிக்காவில் அட்லஸ் ஏவுகணையின் உலோகத் தோல் துருப்பிடிக்காமல் இருக்க உருவாக்கிய திரவம் அது. ஈரத்தை விரட்டக் கெட்டிக்காரன். பேரிங் கிரீஸுக்கு மாற்று என்று நினைத்து ஹப்பில் அடித்தால் உள்ள கிரீஸையும் கரைத்துவிடும். டயருக்கு மினுக்கு பாலிஷ் போடுவதைப் பற்றி ஒரே வார்த்தை: வளைவில் சாய்ந்து போகிற வண்டிக்கு அது வேண்டாம்.

மழை இரவுக்குப் பின் பிரேக் டிஸ்க்கில் ஆரஞ்சு நிறம் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு: அது மேல்துரு, எண்ணெய் எதுவும் தேவையில்லை, முதல் சில பிரேக்கில் போய்விடும்.

“வெயிலில் காற்றைக் குறைத்து வை, இல்லாவிட்டால் வெடிக்கும்”

நேர் தலைகீழ். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அதிலேதான் சூடு பிறக்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது, செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து அடியுங்கள். மீன் பெட்டி ஏற்றினால் பின்னால் ஆள் உட்காரும் கணக்குத்தான். நைட்ரஜன் அடித்தால் நல்லதா? கெடுதல் இல்லை. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 விழுக்காடு அது இலவசமாக இருக்கிறது.

“ஸ்போக்ஸ் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு உறுதி”

ஒரு கம்பியை மட்டும் முறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் இழுபடும். எல்லாக் கம்பியும் ஏறக்குறைய ஒரே விசையில் நிற்க வேண்டும். சின்ன ஸ்பேனரால் தட்டினால் கிட்டத்தட்ட ஒரே ஒலி வரும், தளர்ந்தது மட்டும் மந்தமாகப் பேசும். சக்கரம் சுற்றும்போது ரிம் பக்கவாட்டில் 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் கோட்டம் எடுக்கக் கொடுத்துவிட வேண்டும். துருவேறிப் பூட்டிக்கொண்ட நிப்பிளை வீட்டில் பலவந்தமாகத் திருகாதீர்கள். கம்பி முறியும், அல்லது நிப்பிளின் தலை மழுங்கும். முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போனால் அவருக்கும் கைவலி மிச்சம்.

“பஞ்சர் ஒட்டியாச்சு, வேலை முடிந்தது”

டியூப் டயர் வண்டியில் ரிம்மின் உள்பக்கத்தை நீங்கள் பார்க்கக் கிடைக்கும் சந்தர்ப்பமே பஞ்சர்தான். வால்வு துளை வழியே போன தண்ணீர் அங்கே தேங்கும். டியூபுக்கு அடியில் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையின் கீழே நிப்பிள் தலைகள் துருப்பிடித்து முள்ளாகி, டியூபைக் குத்தக் காத்திருக்கும். ஒரே சக்கரம் அடிக்கடி பஞ்சராகி, ஆணியும் கிடைக்காமல், ஓட்டை டியூபின் உள்வட்டத்தில் இருந்தால், குற்றவாளி ரோட்டில் இல்லை. டயரைக் கழற்றிய கையோடு அந்தப் பட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பெயின்ட் ஒரு கை அடித்துக் காயவைத்து, பட்டை நைந்திருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். சக்கரம் வெளியே வந்திருக்கும் அந்த நேரத்திலேயே ஆக்சில் ராடைத் துடைத்து கிரீஸ் பூசி மாட்டச் சொல்ல மறக்க வேண்டாம். உப்பில் பூட்டிக்கொண்ட ஆக்சிலைச் சுத்தியலால் அடித்து எடுக்கும் மெக்கானிக், ராடுக்கும் பேரிங்குக்கும் சேர்த்தே பில் போடுவார்.